கொம்பும் காலும்

"கண்ணெதிரே நிக்கிற ஆளை இல்லைங்குது மேடம்," என்றார் தில்லைநாயகம்.

ஹாஜிரா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். தில்லைநாயகத்தின் பின்னால் ஓர் ஆள் நின்றிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி. முழங்கால் வரை சேறு.

"யாரு இவரு?"

"கோதண்டம். அவரையே கேளுங்க."

கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இல்லைன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லிடுச்சாம்மா. என் பொண்டாட்டி இங்க வந்து கேட்டிருக்கா. எந்த முகாம்லயும் அப்படி ஒரு ஆள் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. நான் இரட்டை மதகு ஸ்கூல் முகாம்லதான் இருந்தேன். பேரு குடுத்தேன், சோறு வாங்கித் தின்னேன், பாய் வாங்கிப் படுத்தேன். தண்ணி வடிஞ்சதும் நடந்தே வீட்டுக்குப் போனா வாசல்ல ஒப்பாரி."

"உங்களைப் பார்த்ததும் நிறுத்திட்டாங்களா?"

"எங்க நிறுத்தினா? இன்னும் சத்தமா அழுதா."

ஹாஜிரா சிரித்தாள். கோதண்டம் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. நான் வீடு வந்துட்டேன். இன்னும் எத்தனை பேரை இல்லைன்னு சொல்லியிருக்கீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார்.

புயல் அந்தக் கரையோர மாவட்டத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. குப்பங்களில் இருந்தவர்களைப் படகிலும் லாரியிலும் ஏற்றி, மேடான இடம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கொண்டுபோய் இறக்கினார்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மாதா கோயில் என்று கூரை இருந்த இடமெல்லாம் முகாம் ஆயிற்று. புருஷன் ஒரு முகாமில், பெண்டாட்டி ஒரு முகாமில். செல்போன் கோபுரங்கள் பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தன. சாலைகளைத் தண்ணீர் வெட்டியிருந்தது.

முகாம்களில் பதியும் பெயர்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, தேடிச் சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். தில்லைநாயகம் உட்கார்ந்தார், எழுதினார். பெயரைத் தட்டினால் இன்ன முகாமில் இருக்கிறார் என்று சொல்லும். இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லும்.

நல்ல புரோகிராம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவர் கத்துக்குட்டி அல்ல. தலை நரைக்கும் வரை இதே வேலைதான். ஹாஜிரா அவருக்குப் பிறகு வெகுகாலம் கழித்து வேலைக்கு வந்தவள், வயதிலும் மிகச் சிறியவள். ஒருமுறை அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் நகராமல் நின்று, ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் கீபோர்டைத் தொடாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொக்கு நிற்பதுபோல. பிறகு எழுந்து போய் ஒரேயொரு காரியம் செய்தாள். எல்லாம் ஓடத் தொடங்கின.

அன்றைக்கே தில்லைநாயகம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டார்.

"எனக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க."

"சொல்லிக்கொடுக்க என்னண்ணே இருக்கு? உக்காருங்க, பாப்போம்."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'பாப்போம்' என்பதுதான் பாடம் என்று புரியவே அவருக்கு நாளாயிற்று.

இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் படபடவென்று ஒப்பித்தார்.

"அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். நெட்வொர்க் நல்லா இருக்கு. முகாம்லேருந்து பதிவெல்லாம் வந்து சேர்ந்திருக்கு. இவரு பேரும் வந்திருக்கு, என் கண்ணால பார்த்தேன். அதே பேரைத் தேடச் சொன்னா இல்லைங்குது. முன்னால பின்னால இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கான்னு பார்த்தேன், அதுவும் கிடையாது. புரோகிராமை முதல் வரியிலேருந்து படிச்சேன். ஒரு தப்பும் தெரியல."

"அது என்ன செஞ்சுச்சு?" என்றாள் ஹாஜிரா.

"தப்பு செஞ்சுச்சு."

"அது நீங்க அதைப் பத்தி நினைக்கிறது. அது என்ன செஞ்சுச்சு?"

தில்லைநாயகம் யோசித்துச் சொன்னார்.

"நான் அடிச்ச கோதண்டத்தை எடுத்துச்சு. முகாம்லேருந்து வந்த கோதண்டத்தை எடுத்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துச்சு. ரெண்டும் ஒண்ணில்லைன்னு சொல்லிச்சு."

"சரி. நம்புவோம்."

"எதை மேடம்?"

"ரெண்டும் ஒண்ணில்லைங்கறதை."

அவர் அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவர் அடித்த பெயரை மேலேயும் முகாமிலிருந்து வந்ததைக் கீழேயுமாகத் திரையில் போட்டாள்.

கோதண்டம்.

கோதண்டம்.

"எங்க வித்தியாசம்?"

தில்லைநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு அருகே குனிந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே."

கோதண்டமும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ரெண்டும் என் பேருதாம்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் எனக்கு."

ஹாஜிரா எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கடைசியில் 'கோ' மட்டும் திரை முழுக்க நின்றது. மேலே உள்ளதிலும் அதே சுழி, அதே வளைவு. கீழே உள்ளதிலும் அதே சுழி, அதே வளைவு.

"கண்ணு இதோட நின்னுடும்," என்றாள். பழைய அளவுக்குக் கொண்டுவந்து கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "மேல உள்ள பேர்ல, கோவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. ஒரே ஒரு தடவை அழிங்க."

அழித்தார்.

கதண்டம்.

"இப்ப கீழ உள்ளதுல. அதே மாதிரி ஒரே தடவை."

அழித்தார்.

கேதண்டம்.

தில்லைநாயகத்தின் விரல் அந்த விசையின் மேலேயே நின்றுவிட்டது.

"கேதம்னு சாவுச் சொல்லா வருதே," என்றார் கோதண்டம், பின்னால் ஓரடி நகர்ந்து. "அதை எடுத்துடுங்க சார்."

"இன்னொரு தடவை அழிங்கண்ணே."

அழித்தார். 'கே' போய் 'க' மட்டும் நின்றது. இப்போது மேலும் கீழும் ஒன்றாகிவிட்டன. மேலே ஒரே தட்டில் போனது, கீழே போக இரண்டு தட்டு ஆயிற்று.

தில்லைநாயகம் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்து அது. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதிய எழுத்து. அதன் தோலுக்கு உள்ளே வேறொன்று இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"முகாம்ல உங்க பேரை யாரு அடிச்சாங்க?" என்று கோதண்டத்திடம் கேட்டாள் ஹாஜிரா.

"வேதவல்லின்னு ஒரு டீச்சரம்மா. கீழே பார்க்கவே மாட்டாங்க. நம்ம முகத்தைப் பார்த்துக்கிட்டே கையால தட்டுவாங்க, மழை பெய்யிற மாதிரி."

முகாமுக்குப் போன் போட்டாள். நாலைந்து முறை அடித்து, அறுந்து, கடைசியில் கிடைத்தது. எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், 'கோ' எப்படி அடிப்பீங்க?"

"இதென்னம்மா கேள்வி?" என்றது அந்தப் பக்கம். "இரட்டைக் கொம்பு, க, கால்."

"மூணு தட்டா?"

"மூணுதான். இன்ஸ்டிடியூட்ல டைப்ரைட்டர்ல அப்படித்தானே கத்துக்கிட்டோம். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசையில அடிக்கணும். கம்ப்யூட்டர்லயும் அதே மாதிரி கீபோர்டு போட்டு வச்சிருக்கேன். ஏம்மா, தப்பாப் போச்சா?"

"தப்பே இல்ல டீச்சர்."

"நீங்க எப்படி அடிப்பீங்கண்ணே?" என்றாள் ஹாஜிரா, போனை வைத்துவிட்டு.

தில்லைநாயகம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "க. அப்புறம் ஓ. ரெண்டு தட்டு. ஓகாரக் குறி முழுசா வந்து ஒட்டிக்கும்."

சொல்லும்போதே அவருக்கு விளங்கியது.

அந்த அம்மா கொம்பையும் காலையும் தனித்தனியாகக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் தனித்தனியாகவே வாங்கி வைத்துக்கொண்டது. அவர் சேர்த்துக் கொடுத்தார். சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டது. திரையில் வரும்போது மட்டும் இரண்டையும் ஒரே முகமாகக் காட்டியது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில், சேற்றோடு வந்து நின்ற ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி தட்டிய விரல்களின் நடை, உள்ளே அழியாமல் கிடந்தது. கேட்டபோது அதை மறைக்காமல் சொல்லியும் இருக்கிறது. அவர்தான் திட்டிக்கொண்டிருந்தார்.



"அப்ப யாரு மேல தப்பு மேடம்?"

"நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. அதுக்குப் பதில் சொல்லுச்சு."

"நான் என்ன கேட்டேன்?"

"பாருங்களேன்."

புரோகிராமைத் திறந்தார். காலையிலிருந்து பலமுறை படித்த வரிகள்தான். பெயரும் பெயரும் சந்திக்கிற அந்த ஒரு வரிக்கு வந்தபோது நின்றார். நடுவில் அவர் போட்டிருந்த சமக்குறி அங்கே இருந்தது.

இரண்டும் சமமா என்றுதான் கேட்டிருந்தார். இந்த மனிதர் எங்காவது இருக்கிறாரா என்று எந்த வரியிலும் கேட்கவில்லை.

ஹாஜிரா எழுந்து போய்த் தேநீர் வாங்கி வந்தாள். கோதண்டத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தில்லைநாயகத்தின் தேநீர் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்தார். தனியாக வருகிற கொம்பையும் காலையும் முதலில் சேர்த்துவை. சேர்த்துவைத்தபிறகு பார். அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகள்.

எழுதி முடித்து, கோதண்டம் என்று தட்டினார்.

'இரட்டை மதகு பள்ளி முகாம்' என்று வந்தது.

கோதண்டம் குனிந்து அதைப் படித்தார்.

"இப்ப நான் இருக்கேனா சார்?"

"இருக்கீங்க."

"வீட்ல போய்ச் சொல்லிடறேன்," என்றார். ஆனால் போகவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஹாஜிராவும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்கண்ணே."

"எங்க?"

"கதவைத் திறங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் நீள வராந்தா. அங்கே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பெயர் கேட்டுத் தட்டிப் பதில் சொல்ல ஒரு பணியாளர். பதில் கேட்டவர்கள் போய்விடுவார்கள் என்று தில்லைநாயகம் நினைத்திருந்தார். அவர் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவர்.

கதவைத் திறந்தார்.

யாரும் போயிருக்கவில்லை. அன்று காலையிலிருந்து இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தைக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கு அத்தனை முகங்களும் ஒருசேரத் திரும்பின.

பின்னால் நின்ற ஹாஜிரா உதவிக்கு வரவில்லை.

"மறுபடியும் பேரு சொல்லுங்க," என்றார் தில்லைநாயகம். "ஏற்கெனவே இல்லைன்னு சொன்ன பேரா இருந்தாலும் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

பணியாளரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யோகாம்பாள். என் மாமியா."

தட்டினார். கல்யாண மண்டபம் என்று வந்தது. கேட்டவள் நம்பாமல் மேசையைச் சுற்றி வந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சௌந்தரம். அவரு மீன் கொட்டாய்ல வேலை."

வரவில்லை.

"கோமளவல்லி."

வந்தது. இரட்டை மதகு.

வராந்தாவில் ஒரு சத்தம் எழும்பியது. தூங்கினவர்கள் எழுந்தார்கள். வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. கோதண்டம் கையை விரித்து அவர்களைத் தடுத்து நிறுத்தினார். "வரிசையா வாங்கப்பா. நானே இல்லாம இருந்து இப்பத்தான் இருக்கேன். எல்லாருக்கும் பார்ப்பாங்க."

பெரியவர் ஒருவர் வந்தார். "தோப்புராசு," என்றார். "என் மவன்."

தில்லைநாயகம் தட்டினார். தோ என்ற எழுத்தைப் பார்த்ததும் அவர் மனம் தாவியது. இது வரும் என்றே நினைத்தார்.

வரவில்லை.

பெயரை இன்னொரு விதமாகத் தட்டினார். ராசு என்பதை ராஜ் என்று தட்டினார். வரவில்லை. திரையில் 'இல்லை' என்ற சொல் நின்றது. அவரே வைத்த சொல். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் தில்லைநாயகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கிடைக்கல ஐயா," என்றார் தில்லைநாயகம். "உக்காருங்க. எல்லா முகாம்லேருந்தும் இன்னும் வந்து சேரல. நான் தேடிக்கிட்டே இருக்கேன்."

பெரியவர் தலையாட்டிவிட்டு, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவள் மேசையருகே நின்றாள். நீலச்சேலை, கழுத்தில் சிலுவை.

"சொல்லுங்கம்மா."

"என் தங்கச்சி சார். தினம் வந்து கேக்கறேன். அவளுக்குக் காது கேக்காது, பேச வராது. பிறவியிலேருந்தே அப்படித்தான். லாரியில ஏறினதைப் பார்த்தேன். எனக்கு அதுல இடம் இல்லாம போச்சு. அவளால பேரு சொல்ல முடியாது. அப்புறம் எப்படி சார் உங்க கம்ப்யூட்டர்ல இருப்பா? இருந்தாலும் கேக்கறேன்."

"அவங்க பேரு?"

"சலோமி. நான் மங்களமேரி."

தட்டினார்.

திரையில் எழுத்துகள் வந்தன. அவர் அவற்றை வாய்விட்டுப் படித்தார்.

"சலோமி. இரட்டை மதகு பள்ளி முகாம். வாய் பேசாதவர். பெயர், வலது கையில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்து எழுதியது."

மங்களமேரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எங்கம்மா குத்தினது," என்றாள். "திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சா யாராச்சும் படிப்பாங்கன்னு."

ஹாஜிரா அதற்குள் போனை எடுத்திருந்தாள். இந்தமுறை சீக்கிரமே கிடைத்தது.

"சலோமியா?" என்றார் வேதவல்லி டீச்சர். "இங்கதான் இருக்கு. சமையல் நடக்கிற இடத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக் குடுக்குது. நல்லா இருக்கு."

மங்களமேரி போனைப் பறித்துக்கொண்டாள். "சலோமி! ஏட்டி சலோமி!" என்று கத்தினாள். வராந்தாவே அதிர்ந்தது. பிறகு தான் செய்தது அவளுக்கே உறைத்தது. போனைக் கன்னத்திலிருந்து எடுத்து அதையே வெறித்தாள்.

"அவளுக்குக் கேக்காதே," என்றாள். "நான் இருக்கேன்னு அவளுக்கு எப்படிச் சொல்றது?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றாள் ஹாஜிரா.

"அவ பேரும் என் பேரும் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"டீச்சர்," என்றாள் ஹாஜிரா போனில், "அவங்களைக் கம்ப்யூட்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. மங்களமேரின்னு பெரிசா அடிச்சுக் காட்டுங்க."

போனை மேசைமேல் வைத்தார்கள். கூட்டம் அடங்கிவிட்டது. அந்தப் பக்கம் யாரோ நடந்து வரும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கீபோர்டு தட்டும் சத்தம்.

தில்லைநாயகம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். ஒவ்வொரு தட்டாகப் பின்தொடர்ந்தார். பாதியில் ஒரு தட்டு. அது கொம்பு என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த தட்டு 'ம'. எழுத்து வருமுன்பே கொம்பு வந்து காத்து நின்றது. அத்தனை தூரத்திலிருந்து, தண்ணீரையெல்லாம் தாண்டி, ஒரு பெயர் இங்கே தட்டுத் தட்டாகக் கட்டி எழுப்பப்படுவதை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டு நின்றது.



பிறகு ஓர் ஒலி வந்தது.

தொண்டையின் அடியிலிருந்து, பாதி மூச்சும் பாதிக் குரலுமாக, ஏறி, நடுவில் உடைந்து, மறுபடி ஏறியது. உயிரில் சேராது, மெய்யிலும் சேராது. தில்லைநாயகத்தின் கைகள் பழக்கத்தில் கீபோர்டுக்குப் போயின. எந்த விசையைத் தொடுவது என்று தெரியாமல் அதன்மேல் அந்தரத்தில் நின்றன.

மறுபடியும் அதே ஒலி.

மங்களமேரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் தில்லைநாயகம், மெல்ல.

"என் பேரு," என்றாள் மங்களமேரி.